ஏழங்குலத் தட்டின் பின்னட்டை

நகரி
12-1-2025

அன்புள்ள நளினி அக்காவுக்கு,

தம்பி செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. வயிறு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் இளைத்துப் போயிருக்கிறேன். வசந்தா திடமாக இருக்கிறாள். காலை முதல் என்னைத் திட்டியும் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா சௌக்கியமா?

நீ சொன்னபடியே பத்மினியின் தையல் கடை விலாசத்துக்கு இதைப் போடுகிறேன். ஊரே கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் போன் சரியில்லை, கடிதம் எழுது என்கிறாய். உன் போன் பிரமாதமாக வேலை செய்கிறது அக்கா. நான் எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே மாமா எடுத்துவிடுகிறார். “இன்னா மச்சான், தறி ஓடுதா, தட்டு ஓடுதா?” என்று பிரியமாக ஆரம்பித்து அவர் முடிப்பதற்குள், உன்னை எதற்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. இருக்கட்டும். இசைத்தட்டைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவனுக்குக் கடிதம் பொருத்தமான வேலைதான்.

சேதி இதுதான். உன் பிள்ளை சாய்குமாரின் பாட்டு ஏழங்குல இசைத்தட்டாக வரப்போகிறது. வெளியிடுவது ‘அறுந்த இழை ரெக்கார்ட்ஸ்’. அதன் முதலாளி, குமாஸ்தா, கூலி எல்லாம் உன் தம்பி. தலைமை அலுவலகம் நம் விசைத்தறிக் கொட்டகையில் நூல் பெட்டிகளுக்குப் பின்னால். இத்தனை வருடம் ஜகார்த்தாவில் ஒருவனுக்கும் ஒசாகாவில் ஒருவனுக்கும் லுங்கி அனுப்பி, பதிலுக்குப் பங்க் என்கிற கத்தல் பாட்டுத் தட்டுகளை வாங்கி நூல் பெட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். “நூல் பெட்டியில நூல் இருந்தா பொடவையாவது வரும். இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?” என்பாள் வசந்தா. இனி நாமும் ஒரு தட்டு போட்டோம் என்று சொல்லலாம். அவள் அதற்கும் ஏதாவது சொல்வாள்.

சாயின் வாத்தியக்குழுவுக்குப் பெயர் ‘பவர் கட்’. அமாவாசையன்று தறிகளுக்கு ஓய்வு என்பதால் நம் கொட்டகையிலேயே ஒலிப்பதிவு செய்தோம். டிரம்ஸ் தரணி என்கிற பெண், உங்கள் திருப்பதிதான். அவள் அடித்த அடியில் ஓட்டிலிருந்து இரண்டு பல்லி விழுந்தது. சாய் பாடவில்லை, கத்தினான். பங்க் பாட்டு என்றால் அப்படித்தான். கோபத்தை வைத்துக்கொண்டு இருக்கிறவனுக்கு ராகம் எதற்கு?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி,
செங்கல்வராயன்


திருப்பதி
2-2-2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா நளினியின் ஆசிகள். வசந்தாவைக் கேட்டதாகச் சொல். படி ஏறாத வரைக்கும் முழங்கால் நன்றாக இருக்கிறது. மாமாவும் நலம். ஜூன் மாதத்தோடு மண்டல ஆபீசிலிருந்து ரிடையர் ஆகிறார். அப்புறம் முழு நேரமும் வீடுதான்.

உன் கடிதங்களைப் பத்மினி படித்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறாள். உன் வயிற்றைப் பற்றி எழுதியிருந்ததற்கு ரொம்ப நேரம் சிரித்தாள். அவளுக்கும் இரண்டு வரி சேர்த்துப் போடு, பாவம். புடவைக்கு பால்ஸ் தைக்க வாரம் இரண்டு நாள் இங்கே வருகிறேன். இந்த மெஷின் சத்தத்தில் உட்கார்ந்து எழுதுவது எனக்கு நன்றாக இருக்கிறது.

சாய் பெங்களூர் போனதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கூப்பிட்டால் மாமாதான் எடுப்பார், இவன் வைத்துவிடுவான். வேளைக்குச் சாப்பிடுகிறானா? நீ கேட்டுச் சொல்.

பொங்கலுக்கு நகரிக்கு வந்தபோது அந்தப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினாய். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பிள்ளை என்னதான் கத்துகிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை. வரிகளை எழுதி அனுப்பு. கடைக்கே அனுப்பு.

நளினி


நகரி
16-2-2025

அன்புள்ள அக்காவுக்கும், அவளுக்கு முன்னாலேயே என் கடிதத்தைப் படித்துவிடும் பத்மினி அம்மாவுக்கும் வணக்கம்.

இங்கே யாவரும் நலம். சாய் வேளைக்குச் சாப்பிடுகிறானாம். எந்த வேளைக்கு என்று சொல்லவில்லை.

வெளிநாட்டு ஆலையிலிருந்து ஐந்து மாதிரித் தட்டுகள் வந்தன. இந்தத் தொழிலில் அதுதான் முறை. நான் கேட்டுச் சரி என்று எழுதினால்தான் மிச்சத்தை அச்சடிப்பார்கள். நாள் முழுக்கக் கேட்டேன். வசந்தா கொல்லைக்குப் போய்விட்டாள். தறி ஓட்டும் பையன்கள், “இன்னா அண்ணே, பெல்ட்டு அறுந்துக்கினு போச்சா?” என்று ஓடி வந்தார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு பங்க் தட்டுக்குக் கிடையாது. சரி என்று எழுதிவிட்டேன்.

நீ கேட்ட வரிகள் இதோ. பின்னட்டையில் அச்சாவதும் இதேதான்:

யாருகிட்ட பேசிக்கினு இருந்தே
போன இங்க குடு
கடைக்குப் போக இம்மா நேரமா
ரசத்துல உப்பு இல்ல
கதவ ஏன் சாத்தினே
கதவ ஏன் தொறந்தே
இன்னாத்துக்கு சிரிச்சே
ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்கு சிரிச்சே

அவ்வளவுதான். இதையே மூன்று முறை கத்திவிட்டுத் தட்டு முடிந்துவிடுகிறது. வரிகளுக்கு மேலே நான் ஒரு முன்னுரை எழுதியிருக்கிறேன். குடிமக்களை வேவு பார்க்கும் அரசாங்கத்தை நோக்கி வீசப்பட்ட கல் இது என்று ஆரம்பம். ரசம் என்பது விலைவாசி. கதவு என்பது எல்லை. நாம் தடாவிலும் நகரியிலும் சோதனைச்சாவடியில் நின்று இரண்டு மாநிலத்துக்கும் சோதனை கொடுத்துக்கொண்டே வாழ்கிறோம் அல்லவா. எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. சாயிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்டியே இருக்கட்டும் மாமா” என்றான். என் எழுத்தில் மயங்கிவிட்டான் போல.

உன் அபிப்பிராயம் எழுது. முன்னுரை பற்றி முதலில் எழுது.

செங்கல்வராயன்


திருப்பதி
29-3-2025

தம்பிக்கு,

நலம். நீயும் வசந்தாவும் நலமென நம்புகிறேன். நாளை உகாதி. மாங்காய் வாங்கி வைத்திருக்கிறேன். பங்காருபாளையத்து மாங்காய் என்று சொல்லி விற்றான், புளிப்பு போதாது.

பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்கு ஒன்றுமில்லை. கடைப்பக்கம் வரமுடியவில்லை.

ஒரு விஷயம். தட்டு வரட்டும். பாட்டும் இருக்கட்டும், கேட்டால் யாருக்கும் புரியப்போவதில்லை. பின்னட்டையில் அந்த வரிகளை மட்டும் போடாமல் விட முடியுமா? வெறும் அட்டையாக இருந்தால் என்ன? பூவோ எதுவோ போட்டுவிடு.

அவசரம்.

நளினி


நகரி
8-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உகாதி வாழ்த்துகள், தாமதமாக. உன் கடிதம் ஒரு வாரம் பிரயாணம் செய்து வந்திருக்கிறது. நடந்தே வந்திருந்தால் முன்பே வந்திருக்கும்.

பின்னட்டையில் பூ போடச் சொல்கிறாய். அக்கா, நான் இருபது வருடமாகப் புடவையில் பூ போடுகிறவன், அதிலிருந்து தப்பிக்கத்தான் தட்டு போடுகிறேன். கத்துவது காதில் விழாது என்பதால்தான் பங்க்காரர்கள் வரிகளை அட்டையில் போடுவார்கள். அது இல்லாமல் தட்டு போட்டால் ஒசாகாக்காரன் என் லுங்கியைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. மாமா அரசாங்க வேலை, பையன் அரசாங்கத்தைத் திட்டுகிறான், ரிடையர் ஆகிற நேரத்தில் பென்ஷனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பார்க்கிறாய். ஒன்றும் வராது. நகரி தறிக்கொட்டகையில் போட்ட முந்நூறு தட்டை எந்த அதிகாரி தேடி வாங்கிக் கேட்கப்போகிறான்? கேட்டால் சொல், அவனை நான் வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொள்கிறேன்.

மேலும், அட்டையும் தட்டும் ஆலையிலேயே அச்சாகிக் கட்டுக் கட்டிவிட்டார்கள். இனி என் கையில் இல்லை. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

செங்கல்வராயன்


திருப்பதி
15-4-2025

தம்பி,

நான் நலம். நீ நலமா?

அது அரசாங்கத்தைப் பற்றின பாட்டு இல்லை. அரசாங்கம் ரசத்தில் உப்பு பார்க்காது.

கதவ ஏன் சாத்தினே என்பது சாய் ஏழாவது படிக்கும்போது. அவன் ஹாலில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். கணக்கில்தான் கவனமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கோபப்பட்டு இங்கே வந்து நிற்காதே. மாமாவிடம் எதுவும் கேட்காதே. கேட்டுவிட்டு நீ பஸ் ஏறிவிடுவாய். நான் இங்கேதான் இருப்பேன்.

அந்த அட்டை அவர் கண்ணில் படக்கூடாது. அது ஒன்றுதான் நான் கேட்பது.

பத்மினிக்கு இதை நானே படித்துக் காட்டிவிட்டேன்.

நளினி


நகரி
21-4-2025

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத உட்கார்ந்து இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சாயைக் கூப்பிட்டேன். ஏண்டா முதலிலேயே என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீ கேக்கலியே மாமா. நீயா அரசாங்கம்னு எழுதிக்கினு வந்தே. அதுவும் ஷோக்காத்தான் இருந்துச்சு” என்றான். வரிகளின் மேல் காகிதம் ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். “நைனா பேசினதெல்லாம் அந்த ஊட்ல சொவுத்துக்குத்தான் தெரியும். ஒரு தாளுல வரட்டும்னுதான் பாடினேன். ஒட்டறதா இருந்தா என் பேர் மேலயும் சேத்து ஒட்டிடு” என்று வைத்துவிட்டான். அவன் சொல்வதும் நியாயம். நீ சொல்வதும் நியாயம். நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், வழக்கம் போல நூல் பெட்டி மேல்.

என்னிடம் வரும் பெட்டிகளை நான் அடைத்து வைத்துவிடுவேன். ஒன்றுகூட வெளியே போகாது. ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தில் பாடியவர்களுக்குப் பணம் கிடையாது, அச்சான தட்டுகளில் ஒரு பங்கு கொடுப்பது வழக்கம். இரட்டைக் கூரியர் செலவு எதற்கு என்று, அந்தப் பங்கை ஆலையிலிருந்தே அவரவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அது பிப்ரவரியில். தரணிக்கு அவள் வீடு. சாய் பெங்களூரில் அறை மாறிக்கொண்டே இருக்கிறான் என்று உன் வீட்டு விலாசம் கொடுத்தேன். உனக்கு ஆனந்த அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன் அக்கா.

பெட்டி சென்னை கஸ்டம்ஸைத் தாண்டிவிட்டது. கூரியர்காரர்களிடம் இரண்டு நாளாகக் கெஞ்சுகிறேன். அனுப்புகிறவர் ஆலை, பெறுகிறவர் சாய்குமார், நடுவில் நீ யார் என்கிறார்கள். உன் போனுக்குக் கூப்பிட்டேன். மாமா எடுத்தார். தறி ஓடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெட்டி வந்தால் நீயே வாங்கு. யார் கேட்டாலும் பத்மினி கடைக்கு வந்த துணி என்று சொல். இல்லையென்றால் இங்கே வந்துவிடு. மாடி அறை சும்மாத்தான் கிடக்கிறது. வசந்தாவும் அதையேதான் சொல்கிறாள், எதிலும் என்னோடு ஒத்துப்போகாதவள்.

செங்கல்வராயன்


நகரி
4-5-2025

அக்காவுக்கு,

நேற்று உன் வீட்டில் உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நம் பிழைப்பு இப்படி இருக்கிறது.

நீ வரவேண்டாம் என்றுதான் எழுதினாய். பெட்டி நேற்று டெலிவரி என்று சேதி காட்டியது. வாசலிலேயே மறித்து வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று காலை பஸ்ஸில் வந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் தெருவுக்கே இறங்கி வந்தார். “வா மச்சான், இளச்சிட்டியே, வசந்தா சோறு போடுதா இல்லியா?” என்று தோளில் கை போட்டு அழைத்துப்போனார். நல்ல நாற்காலியைக் கொடுத்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். நான் வாசலைப் பார்க்கும்படி உட்கார்ந்தேன்.

நீ கீரைக்காரியிடம் வெளியே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வந்தாய். மாமா பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கேட்டாரே, அந்த ஒரு கேள்வி. மாதிரித் தட்டை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன். சாய் அதில் ஒரு சுருதியும் தன் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. ‘யாருகிட்ட’வுக்குப் பிறகு விடுகிற அந்தச் சின்ன இடைவெளி முதற்கொண்டு அப்படியே இருந்தது. ஒலிப்பதிவின்போது அந்த இடைவெளி தாளத்தைக் கெடுக்கிறது, எடுத்துவிடு என்று நான் அவனோடு சண்டை போட்டேன்.

நீ “கீரை” என்றாய். நான் மோர் குடித்தேன். மோர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

சாயங்காலம் வரை கூரியர் வரவில்லை. “இன்னா மச்சான், ராத்திரி தங்கிடேன், பேசிக்கினு இருக்கலாம்” என்றார் மாமா. தங்கியிருக்கலாம். அவரோடு ஒரு கூரைக்கடியில் படுத்துச் சிரித்துப் பேச எனக்கு வரவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கவும் வரவில்லை. புத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

கூரியர் மறுபடி திங்கட்கிழமை என்று காட்டுகிறது. நாளைக்கு. இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உனக்குக் கிடைக்காது என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

செங்கல்வராயன்


திருப்பதி
26-5-2025

அன்புத் தம்பி செங்கல்வராயனுக்கும் வசந்தாவுக்கும்,

அக்கா நளினி எழுதுவது. உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. முழங்காலுக்கு ஒரு எண்ணெய் தடவுகிறேன், தேவலை. நீ பயந்துபோயிருப்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெட்டி வந்தது. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அன்று லீவில் இருந்த மாமாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நான் வருவதற்குள் பிரித்து, ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் உன் முன்னுரையைத்தான் படித்தார். இரண்டு தடவை படித்தார். அப்புறம் வரிகளைச் சத்தமாகப் படித்தார். தப்பில்லாமல், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி. படித்து முடித்துவிட்டுத் தொடையில் தட்டி, “கரெக்டா எழுதிக்கிறான் பாரு. எங்க தாசில்தார் அப்டியே இப்டித்தான் கேப்பான். லேட்டா வந்தா கேள்வி, சிரிச்சா கேள்வி. நான் ஆபீஸ் கதைய சொன்னதெல்லாம் கவனிச்சிக்கினு இருந்திருக்கான் பையன்” என்றார். அவனைப் பற்றி அவர் நல்லதாக ஒன்று சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது. கண்கூடக் கலங்கியிருந்தது.

நீ தெரியாமல் எழுதின முன்னுரை காப்பாற்றிவிட்டது. காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். அன்று ரசம் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, எப்போதும் போலக் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

ஒரு தட்டை ஹால் ஷோகேஸில் வைத்திருக்கிறார், பின்னட்டை வெளியே தெரியும்படி. தினமும் நான்தான் துடைக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துப் படித்துக் காட்டுகிறார். தமிழ் தெரியாதவர்களுக்குத் தெலுங்கில் சொல்லிக் காட்டுகிறார், ‘எவரிதோ மாட்லாடுதுன்னாவு’ என்று முதல் வரியிலிருந்து. ஆபீஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறான் போலிருக்கிறது. ரிடையர்மென்ட் விருந்தன்று சாய் வந்து அந்தப் பாட்டைப் பாட வேண்டுமாம், உன்னை ஏற்பாடு செய்யச் சொல்கிறார். சாயிடம் என்ன சொல்வாயோ, எப்படிச் சொல்வாயோ, எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் இருக்கிற பெட்டிகளை இனி அடைத்து வைக்க வேண்டாம். விற்றுக்கொள்.

மாடி அறை பற்றி எழுதியிருந்தாய். வசந்தாவுக்கு என் அன்பு. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துத்தான் இத்தனை நாள் ஆயிற்று. இன்னும் யோசிக்கிறேன். ஜூனுக்கு அப்புறம் கடைக்கு வர முடியுமா என்பதும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வரலட்சுமியும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் தெலுங்கில் முழுதும் சொல்லிக் காட்டினார். அவள் புருஷன் கைதட்டினான். வரலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கறிவேப்பிலை கேட்டுக் கொல்லைப்பக்கம் வந்தாள். பறித்துக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டாள்: “அக்கா, அவன்னி மா ஆயன மாட்டலு. எங்க வூட்டுக்காரர் பேசறதெல்லாம் உங்க பையனுக்கு எப்டி தெரியும்?”

கறிவேப்பிலை போதுமா என்று நான் கேட்டேன். போதும் என்றாள். நான் இன்னும் ஒரு கொத்து ஒடித்தேன், அவளும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அன்புடன்,
அக்கா நளினி